வன்னீரும் நன்னீரும்



யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக் கேத்திலையும் திறந்து பாருங்கள். அதன் உட்சுவரெங்கும் வெள்ளைப் பொருக்கொன்று படிந்திருக்கக் காண்பீர்கள். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அது தடித்து, ஈற்றில் ஓடு ஓடாய்க் கழன்று விழும். என் மகள் நான்கு மாதக் கைக்குழந்தையுடன் கொழும்பிலிருந்து வந்திருந்தபோது, முதல் நாட் காலையிலேயே இதனைக் கண்டு திகைத்துவிட்டாள். இதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தான். எனினும் தாயானபின் கண் வேறாகிவிடுகிறது போலும். “அப்பா, இந்தத் தண்ணியிலையோ பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறது?” என்று கேட்டாள். எங்கள் முற்றத்துக் கிணற்றை மூன்று தலைமுறைக்கு ஒரு குறையும் கூற முடியாதென்று நான் வீறாப்பாய் விடையளித்தேன். பக்கத்திலேயே குழாய் இருந்தது. ஆனால் குழாய்த் தண்ணீர் மருந்து மணக்கிறதென்று அதனைப் பாத்திரங் கழுவவும் உடுப்புத் தோய்க்கவும் மாத்திரம் வைத்திருந்தோம்.

நான் கலைப் பட்டதாரி. இரசாயனம் என் துறையன்று. ஆகவே வழக்கைப் பாடசாலைக்கு எடுத்துச் சென்று, எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் தீர்ப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “ஐயா, நீங்கள் இருவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறீர்கள், இருவரும் கேத்திலையே பார்க்கிறீர்கள்” என்றார். அவர் அன்று விளக்கியதையும், அதன்பின் நான் தேடிக் கற்றதையுமே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமர்ந்திருக்கும் நிலம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகீழ்ப் பருவமழை மண்ணினூடாக இறங்கும்போது, மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு மென்மையான ஓர் அமிலமாகிறது. அவ்வமிலம் சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த கல்சியமும், ஓரளவு மகனீசியமும் கலந்த நீரையே வன்னீர் என்கிறோம். அந்நீரில் சவர்க்காரம் நுரைக்காது, தயிர்போலத் திரளும். பருப்பு வேக நேரமெடுக்கும். தேநீரின்மேல் ஆடை படரும். கொதிக்கவைத்தால், கரைந்திருந்த சுண்ணாம்பு காபனீரொட்சைட்டை இழந்து, மீண்டும் கல்லாகிக் கேத்திலில் ஒட்டிக்கொள்ளும். நாம் அருவருத்து நோக்கும் அப்பொருக்கு, எமது வளவுக்குக் கீழுள்ள பாறையேயன்றி வேறொன்றன்று.

ஒரு லீற்றர் நீரில் கல்சியங்காபனேற்றுக் கணக்கில் 180 மில்லிகிராமுக்கு மேலிருந்தால் அதனை மிக்க வன்னீர் என்பர். இலங்கைத் தரநிர்ணயம் 250 மில்லிகிராமை எல்லையாக வகுத்துள்ளது. வலிகாமத்துக் கிணறுகள் பல இதனை எளிதிற் கடந்துவிடும். ஆயினும் உலக சுகாதார நிறுவனம் நீரின் வன்மைக்கு உடல்நலம் கருதிய எல்லை எதனையும் விதிக்கவில்லை என்பதை மனங்கொள்ளல் வேண்டும். கல்சியம் எலும்புக்கு வேண்டிய பொருள். “வன்னீர் குடித்தால் சிறுநீரகத்திற் கல் வரும்” என்று ஊரெங்கும் பேசுகிறோம். அது நிறுவப்பட்ட உண்மையன்று. கல் உண்டாவதற்குப் பெருங்காரணம் வெயிலில் நின்று உழைத்துவிட்டுப் போதிய தண்ணீர் குடியாமையே என மருத்துவர் கூறுவர். கல் வருமென்று பயந்து தண்ணீரைக் குறைப்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன்!

அப்படியாயின் அபாயம் எங்கே இருக்கிறது? அதே சுண்ணக்கல்லில்தான். இக்கல் முழுவதும் வெடிப்பும் பொந்துமாக உள்ளது. மணல்நிலத்தில் மெல்ல இறங்கும் நீரை மணல் வடிகட்டிக்கொடுக்கும். சுண்ணக்கல்லிலோ நிலத்தின் மேலே இட்டது விரைவாகக் கீழே சேர்ந்துவிடும். மேலே நாம் இடுவன எவை? வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்கிற்கும் அள்ளி வீசும் யூரியாவும் எருவும். அன்றியும், ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறும் ஒரு மலக்குழியும். வளவைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் பங்கிட்டு இரண்டுக்குமிடையேயுள்ள தூரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. இவையெல்லாம் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகின்றன. மழை தொடங்கியதும் நீரோடு கரைந்து கிணற்றை அடைகின்றன. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கேத்திலில் அது படிவதுமில்லை.

1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், ஹன்ரர் கொம்லி என்ற மருத்துவர் உடல் நீலம்பாரித்த கைக்குழந்தைகளைக் கண்டு ஆராய்ந்தார். பண்ணைக் கிணற்று நீரிற் கலக்கப்பட்ட பாலே காரணம் என்பது தெரியவந்தது. நைத்திரேற்று, குழந்தையின் உடலில் நைத்திரைற்றாக மாறி, ஒட்சிசனைக் காவிச்செல்லும் ஆற்றலைக் குருதியிலிருந்து பறித்துவிடுகிறது. ஆறு மாதத்திற்குட்பட்டு, புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களுக்கே இவ்வாபத்து மிகுதி. வயிற்றோட்டமும் சேர்ந்தால் இன்னும் பெருகும். தாய்ப்பால் மாத்திரம் பருகும் பிள்ளைக்கு இக்கவலை இல்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் சில இவ்வெல்லையை மீறுவதை ஆய்வாளர் பல தடவை எடுத்துக்காட்டியுள்ளனர்.

இங்கேதான் நமது வழக்கமான பரிகாரம் பயனற்றுப் போகிறது. கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும், வன்மையும் குறையும். நைத்திரேற்றோ அப்படியே இருக்கும். நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு சற்றுக் கூடவுஞ் செய்யும். மண் வடிகட்டியும் துணியும் அதனைத் தடுக்கமாட்டா. “நன்றாய்ச் சுண்டக் காய்ச்சிக் கொடு” என்ற பாட்டியின் அறிவுரை கிருமிக்குப் பொருந்தும், நைத்திரேற்றுக்குப் பொருந்தாது.

கிணற்று நீரை நாம் இறைக்கும் விதமும் ஈண்டு கூறத்தக்கது. நிலத்தடியில் நமது நன்னீர், கடலின் உவர்நீருக்குமேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், பின்னர் 1901இல் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் இதற்கு ஒரு கணக்கு வகுத்தனர். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் உண்டு என்பதே அது. மேலே ஓரடியை இறைத்து வற்றச்செய்தால், கீழே உவர் நாற்பதடி உயர இடங்கொடுக்கிறோம். துலாவால் இறைத்த காலத்தில் கைவலியே அளவுகோலாயிருந்தது. மோட்டாருக்குக் கை வலிப்பதில்லை.

இனிக் குழாய்க்கு வருவோம். யாழ் நகரின் குழாய்களில் நெடுங்காலம் வந்ததும், திருநெல்வேலி, கோண்டாவில் பக்கத்துக் கிணறுகளின் நீரே. குளோரீன் இட்டதால் கிருமி குறைந்தது; கல்லும் நைத்திரேற்றும் குறையவில்லை. 2010இல் திட்டமிடப்பட்ட புதிய வழங்கல் இரணைமடுக் குளத்தை நம்பியிருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் தம் வயல்களுக்கு நீர் போதாதென்று எதிர்த்தனர். அவர்கள் கூற்றிலும் நியாயமிருந்தது. ஆகவே வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. அங்கே கடல்நீரை மிகுந்த அமுக்கத்தில் நுண்ணிய மென்சவ்வினூடாகச் செலுத்தி உப்பைப் பிரிக்கின்றனர். இதில் ஒரு வேடிக்கையுண்டு. அவ்வாறு பிரித்த நீர் அளவுக்குமீறி மென்மையாகிவிடும். குழாய்களையே அரிக்கத் தொடங்கும். ஆதலால் இத்தகைய நிலையங்களில் நீருக்குச் சிறிது சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்த்தே அனுப்புவது உலக வழக்கம். நாம் வெறுத்த வன்மையை, விலைகொடுத்து மீட்கிறார்கள்!

எங்கள் வீட்டுக்கு மீள்கிறேன். விஞ்ஞான ஆசிரியரின் சொற்படி கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தோம். வன்மை மிகுதி என்று வந்தது. அதுபற்றி நான் கவலைப்படவில்லை. நைத்திரேற்று, எல்லையைத் தாண்டியிருந்தது. கிணற்றுக்கட்டில் நின்றவாறே அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். எங்கள் கிணற்றுக்கு வடக்கே அயலவரின் வெங்காயத் தோட்டம். தெற்கே எங்கள் சொந்த மலக்குழி. யாரைக் குறைகூறுவது? அன்று மாலையே ஒழுங்கு தலைகீழாயிற்று. குழாய் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பிள்ளையின் பாலுக்கு எடுத்தோம். மருந்து மணமும் அதிலேயே போய்விட்டது. கிணற்று நீர், பாத்திரத்திற்கும் பூமரங்களுக்கும் என்றாயிற்று.

உங்கள் கிணற்றையும் அறிய விரும்பினால், தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிற் கட்டணஞ் செலுத்திப் பரிசோதிக்கலாம். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தல் வேண்டும்; வீட்டுச் சோடாப் போத்தல் உதவாது. நைத்திரேற்று, கிருமி, உவர் என்னும் மூன்றையும் முதலிற் கேளுங்கள். வன்மையைக் கடைசியிற் கேட்டாற் போதும். ஒரு முறை ஆவணி வரட்சியிலும், மறுமுறை கார்த்திகை மழைக்குப் பின்னரும் சோதிப்பது நலம். இரு காலத்திலும் ஒரே கிணறு இருவேறு விடை தருவதுண்டு.