ஸ்டார்ட் ஆகாத கார்: கோளாறும் உரிமையும்

சாவியைத் திருப்பியதும் கார் எழுப்பும் சத்தமே கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். 'டக் டக் டக்' என்று வேகமாகத் தட்டி, டேஷ்போர்டு விளக்குகளும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. விளக்குகள் பளிச்சென்று எரிய, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு அடங்கினால் செல்ஃப் மோட்டாரையும் அதன் சொலினாய்டையும் பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை. எரிபொருள் வரவில்லை, அல்லது ஸ்பார்க் விழவில்லை, அல்லது சாவியை இம்மொபிலைசர் ஏற்கவில்லை. எந்தச் சத்தமுமே வராவிட்டால், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இருக்கிறதா, மேனுவல் வண்டியில் கிளட்ச் முழுதாக மிதிபட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம். எந்தச் சத்தம் வந்தது, எந்த விளக்கு எரிந்தது என்பதைக் கைபேசியில் வீடியோவாக எடுத்து வைப்பது அவசியம். மெக்கானிக்குக்கு அது தடயம். தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையத்தின் முன் அதுவே சான்று.

அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் வெளியூர்க் குடும்பங்கள் முதல்நாள் இரவே காரில் வந்து தங்கும் ஊர் திருக்கடையூர். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டி இரவெல்லாம் தெருவில் நிற்கும். சரியாகச் சாத்தாத கதவால் எரியும் உள்விளக்கும், அணைக்காமல் விட்ட டேஷ்கேமும் போதும், பழைய பேட்டரி விடிவதற்குள் இறங்கிவிடும். ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழ பாதிச் சார்ஜ்தான் மிச்சம். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். அது வரவில்லை என்றால் பழுது ஆல்டர்னேட்டரில் இருக்கிறது. புதுப் பேட்டரி போட்டாலும் மறுபடி இறங்கும். மல்டிமீட்டர் வைத்து இரண்டு நிமிடத்தில் பார்க்கக்கூடிய இந்தச் சோதனையைச் செய்யாமல் பேட்டரியைத் தலையில் கட்டுவதுதான் வழியில் நின்றவருக்கு நேரும் முதல் நஷ்டம்.

தரங்கம்பாடிக் கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பானட்டைத் திறந்தால் டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். கிளாம்ப்பைக் கையால் அசைத்தால் ஆடும். பேட்டரியில் குறையே இல்லாமல் இந்தப் பொடி மட்டுமே மின்சாரத்தைத் தடுத்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு முதலில் நெகடிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவி, பாசிட்டிவ் முதலாக மறுபடி முடுக்கினால் பல வண்டிகள் அங்கேயே ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஜம்பர் கேபிள் போடும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். பக்கத்தில் பீடி பற்றவைத்தாலோ பொறி பறந்தாலோ பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். சிவப்பு முனை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவுக்கு, அடுத்த முனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவுக்கு. கறுப்பு முனை நல்ல பேட்டரியின் நெகடிவுக்கு, கடைசி முனை நின்றுபோன காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதிக்கு. அந்தக் கடைசி முனையைப் பேட்டரியிலேயே மாட்டக் கூடாது. செல்ஃபையும் தொடர்ந்து பத்து வினாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. அரை நிமிடமாவது விட்டு அடுத்த முறை முயல வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் கருகிவிடும். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. மேனுவல் காரிலும் இன்ஜின் ஓடாதவரை பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகக் கனக்கும். கூட்டம் நடமாடும் சன்னதித் தெருவில் அந்த முயற்சி வேண்டாம்.

பங்கில் எரிபொருள் போட்ட சற்று நேரத்தில் வண்டி திணறி நின்றால் சந்தேகம் எரிபொருள் மீது போக வேண்டும். டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டது தெரிந்தால் சாவியைத் தொடவே கூடாது. டாங்கை வடித்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். ஃபில்டர் தாள் சோதனை, அடர்த்திச் சோதனை, முத்திரையிட்ட 5 லிட்டர் குவளையில் அளவுச் சோதனை ஆகியவற்றை எந்த பங்கிலும் வாடிக்கையாளர் கேட்கலாம். சோதனைக்கும் பின்னால் இழப்பீட்டுக்கும் பில் கையில் இருக்க வேண்டும்.

மழைக்காலத்து ஆபத்து வேறு. வடகிழக்குப் பருவமழையில் வயலும் சாலையும் ஒன்றாகிவிடும் டெல்டாவில், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. காற்று போகும் வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். வெள்ளத்தால் வந்த சேதத்தை ஏற்கும் இன்சூரன்ஸ் நிறுவனம், அதற்குப் பின் ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்தைப் 'பின்விளைவு' என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். இதற்கென்றே 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீடு இருக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, தண்ணீர் எந்த உயரம் ஏறியது என்று தெரியும்படி படம் எடுத்து, வண்டியைக் கட்டி இழுத்தோ ஏற்றியோ கொண்டுபோவதே சரி. கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் கிடையாது.

வயலோரம் நிறுத்திய வண்டியில் எலி வயரைக் கடித்திருக்கவும் கூடும். இது பொதுவாக வாரண்டியில் சேராது.

மெக்கானிக்கிடம் வண்டியை விட்ட பிறகுதான் உரிமைகள் உண்மையில் கைக்கு வருகின்றன, அல்லது நழுவுகின்றன. வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் எஸ்டிமேட் கேட்க வேண்டும். ஜாப் கார்டில் 'ஸ்டார்டிங் பிராப்ளம்' என்று மொட்டையாக எழுதினால் போதாது. 'செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை' என்று உள்ளபடி எழுதச் சொல்ல வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாரண்டியில் இலவசமாக மாற்றியதை மட்டும் நிறுவனம் எடுத்துக்கொள்ளும். பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. பேட்டரி வாங்கினால் வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் விழுந்திருக்க வேண்டும். வெளியே வேலை பார்த்ததால் மொத்த வாரண்டியும் போயிற்று என்று ஷோரூமில் சொன்னால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், அப்படி ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனையைத் தவறு என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின என்றாலும், வெளி வேலையால் எந்தப் பாகம் எப்படிக் கெட்டது என்று விளக்கம் கேட்க அந்த ஆணை நல்ல ஆதாரம்.

சில சமயம் தவறு உரிமையாளருடையதும் அல்ல, மெக்கானிக்குடையதும் அல்ல. எரிபொருள் பம்ப்பின் உள்பாகம் கெட்டு இன்ஜின் நின்றுபோகலாம், ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்று ஹோண்டா 2021 ஏப்ரலில் 77,954 கார்களையும், 2024 அக்டோபரில் 90,468 கார்களையும் திரும்ப அழைத்தது. மாருதி சுசூகியும் 2024 மார்ச்சில் 11,851 பலேனோ, 4,190 வேகன் ஆர் கார்களை இதே போன்ற பம்ப் கோளாறுக்காக அழைத்தது. ரீகால் வேலை இலவசம். நிறுவனத்தின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கும் இது பொருந்தும். கைக்காசு போட்டு பம்ப் மாற்றிய பிறகு ரீகால் அறிவிப்பு வந்தால், பில்லைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை.

நடுவழியில் நின்றால் தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112. புகாருக்கு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை அங்கேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. உற்பத்திக் குறையா என்று தெரிய வேண்டுமானால் ஆணையம் பாகத்தை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும். சொந்த உழைப்பில் ஒரே டாக்ஸியை ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோரே. திருக்கடையூரில் பழுது பார்த்ததில் ஏமாந்த கோயம்புத்தூர்க் குடும்பம் வழக்குக்காக மயிலாடுதுறை மாவட்டத்துக்கு வந்துபோக வேண்டியதில்லை. தாங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு கொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.