குழந்தையின் கை அசையவில்லையா? வீட்டில் இருப்பவர் கையில்தான் வைத்தியம்!

பிரசவம் நல்லபடியாக முடிந்தது. தாயும் சேயும் நலம். உறவினர்கள் குழந்தையைப் பார்க்க வருகிறார்கள். அப்போதுதான் ஒருவர் கவனிக்கிறார். குழந்தை ஒரு கையை ஆட்டுகிறது. மற்றொரு கை துவண்டு கிடக்கிறது.

"திருஷ்டி பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "எண்ணெய் தேய்த்து இழுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்பார் பாட்டி.

இது திருஷ்டியும் அல்ல; சுளுக்கும் அல்ல. நரம்பில் பட்ட காயம்.

ஏன் இப்படி?

கழுத்தில் இருந்து புறப்படும் ஐந்து நரம்புகள், தோள் வழியாகக் கைக்குப் போகின்றன. பிரசவத்தில் தலை வெளியே வந்தபின், தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்வது உண்டு. அப்போது இந்த நரம்புகள் இழுபடுகின்றன. குழந்தை அதிக எடையுடன் இருந்தாலும், தாய்க்குச் சர்க்கரை வியாதி இருந்தாலும் இந்த ஆபத்து அதிகம். ஆயிரம் பிரசவங்களில் ஏறத்தாழ ஒன்றிரண்டில் இப்படி நேர்கிறது.

பாதிக்கப்படுவது எந்த நரம்புகள் என்று 1874-ல் விளக்கியவர், ஜெர்மனி டாக்டர் எர்ப். அதனால் இதற்கு 'எர்ப் வாதம்' என்று பெயர்.

நரம்பு லேசாக இழுபட்டிருந்தால் சில வாரங்களில் தானே குணமாகிவிடும். காயம் பெரிதானால் நரம்பு மீண்டும் வளரவேண்டும். அது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். தோளில் இருந்து கைக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அசையாத மூட்டு இறுகிவிடும். நரம்பு உயிர் பெற்றாலும் கையைத் தூக்கமுடியாமல் போகும். அப்படி இறுகாமல் காப்பதுதான் பிசியோதெரபியின் வேலை.

யாருக்குப் பயிற்சி?

வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரியில் செய்யும் பயிற்சி போதாது. தினமும் பல முறை, துணி மாற்றும்போதெல்லாம் செய்யவேண்டும். எனவே பயிற்சி தருபவர் முதலில் கற்றுக்கொடுப்பது வீட்டில் உள்ளவர்களுக்குத்தான்.

தாய் மூன்று, நான்கு மாதத்தில் கார்மெண்ட்ஸ் வேலைக்குத் திரும்பிவிட்டால், குழந்தை பாட்டியிடம்தான் வளரும். ஆகவே குழந்தையைக் குளிப்பாட்டுபவர் யாரோ, அவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். பார்த்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. பயிற்சியாளர் முன்னிலையில் தம் கையாலேயே செய்து காட்டவேண்டும். கன்னடம் புரியவில்லை என்றால் தயங்காமல் தமிழ் தெரிந்தவரைக் கேட்கலாம்.

முதலில் எலும்பு முறிவு இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். எப்போது பயிற்சியைத் தொடங்குவது என்பதையும் அவரே சொல்வார். அதன்பின் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக அசைக்கவேண்டும். குழந்தை வலியால் அழுதால் நிறுத்திவிடவேண்டும்.

செய்யக்கூடாதவை

குளிப்பாட்டும்போது கைகளைக் குறுக்கே மாற்றி இழுக்கக்கூடாது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது. கையைத் தொங்கவிடக்கூடாது. சட்டை போடும்போது பாதித்த கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவேண்டும். அந்தக் கையில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். வெந்நீரில் கவனம் தேவை.

மூன்று மாதக் கெடு

குழந்தை கையை மடக்கி வாய்க்குக் கொண்டுபோகிறதா என்று பார்த்துவரவேண்டும். மூன்று மாதம் ஆகியும் முழங்கை மடங்கவில்லை என்றால், நரம்பு அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டவேண்டும். காலம் கடந்தால் அறுவை சிகிச்சையின் பலன் குறையும். விரல்களும் அசையவில்லை என்றாலோ, அதே பக்கத்துக் கண்ணிமை தொங்கினாலோ, மூன்று மாதம் காத்திராமல் உடனே காட்டவேண்டும்.

இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல். பிரசவமானதும் பலர் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெங்களூர் திரும்பும்போது அந்த மூன்று மாதம் ஓடிவிடுகிறது! அந்த மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகள் உள்ளன. பெங்களூர் ஆஸ்பத்திரிச் சீட்டையும் தாயி கார்டையும் கையோடு எடுத்துச் சென்று, அங்கே காட்டலாம். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது மறக்காமல் கையையும் காட்டவேண்டும்.

பெங்களூரில் வாணிவிலாஸ் ஆஸ்பத்திரி, நிம்ஹான்ஸ் அருகே உள்ள இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் ஆகியவை அரசு சார்ந்த மருத்துவமனைகள். 1959-ல் தொடங்கப்பட்டு, லிங்கராஜபுரத்தில் இயங்கிவரும் மாற்றுத்திறனாளிகள் சங்கமும் (ஏ.பி.டி.) சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கிறது.

இதற்கு விலையுயர்ந்த மருந்து தேவையில்லை. நாள் தவறாத பொறுமை வேண்டும். இன்று துணி மாற்றும்போது செலவிடும் ஐந்து நிமிடம், நாளை அந்தக் குழந்தை தன் தலையைத் தானே வாரிக்கொள்ள உதவும்.