சுடுமுனையைவிட பிளேட்டைக் கவனியுங்கள்

2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பற்றிய தீ குறைந்தது ஆறு உயிர்களைப் பறித்தது. மருத்துவமனையில் மின் பாதுகாப்பு என்றதும் ஒயரிங், லிஃப்ட், அவசர வழி ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அவை அத்தனையும் முக்கியம்தான். ஆனால் மின்சாரத்தை வேண்டுமென்றே நோயாளியின் உடலுக்குள் செலுத்தும் இடம் ஒன்று இருக்கிறது: ஆபரேஷன் தியேட்டர். தியேட்டரில் இருப்பவர்கள் 'காட்டரி' என்று சொல்லும் மின் அறுவைக் கருவி இல்லாமல் இன்று பெரிய அறுவை சிகிச்சை நடப்பது அபூர்வம். திசுவை வெட்டுவதும், ரத்தக் குழாயைச் சுட்டு அடைப்பதும் அதுதான். அதன் ஆபத்து சர்ஜன் கையிலிருக்கும் முனையில் இருப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தீக்காயம் பெரும்பாலும் அவர் பார்வைக்கு எட்டாத இடத்தில், துணிக்கு அடியில் உண்டாகிறது.

1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில் நரம்பியல் சர்ஜன் ஹார்வி குஷிங், வில்லியம் போவி உருவாக்கிய கருவியை முதன்முதலாகப் பயன்படுத்தினார். ரத்தப்போக்குக்கு அஞ்சிச் சில நாள் முன்பு பாதியில் நிறுத்திய தலைக் கட்டியை அதைக்கொண்டு அகற்றினார். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று முன்னும் பின்னுமாக மாறுகிறது. காட்டரியில் அது சில லட்சம் சுற்று. ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டால் நரம்பும் தசையும் அந்த மின்னோட்டத்துக்குத் துடிப்பதில்லை. அதனால்தான் ஷாக் அடிக்காமல் வெப்பம் மட்டும் உண்டாகிறது. சர்ஜன் கையிலுள்ள பென்சில் போன்ற கருவியின் முனை வழியாக நுழையும் மின்னோட்டம், தொடையிலோ பிட்டத்திலோ ஒட்டியிருக்கும் பிளேட் வழியாகக் கருவிக்குத் திரும்புகிறது. நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மின்னோட்டத்தின் அளவு ஒன்றே. முனையின் பரப்பு சில சதுர மில்லிமீட்டர் என்பதால் அங்கே திசு கருகுகிறது. பிளேட்டின் பரப்பு நூறு சதுர சென்டிமீட்டருக்கும் மேல் என்பதால் இங்கே சூடு தெரிவதில்லை. பிளேட்டில் பாதி விலகி மீதி மட்டும் தோலைத் தொட்டால், அந்த இடத்தில் மின்னோட்டத்தின் அடர்த்தி இரு மடங்காகும். வெப்பமோ நான்கு மடங்காகும். மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு 'சுடுகிறது' என்று சொல்ல வழியில்லை.

ஆகவே இந்தக் கருவியின் பாதுகாப்பு, பிளேட்டை ஒட்டும் செவிலியரிடமும் டெக்னீஷியனிடமும்தான் முதலில் இருக்கிறது. அறுக்கும் இடத்துக்கு அருகில், சதைப்பற்றும் நல்ல ரத்த ஓட்டமும் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எலும்பு புடைத்த இடம், தழும்பு, அடர்ந்த முடி, உள்ளே உலோகம் பொருத்திய மூட்டு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தால் பிளேட்டை மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு அறிகுறியைத் தியேட்டரில் எல்லோருமே தெரிந்துவைத்திருக்க வேண்டும்: வழக்கமான அளவில் வெட்டு விழாமல் சர்ஜன் "பவரைக் கூட்டுங்க" என்று இரண்டாம் முறை கேட்டால், பிளேட் கழன்றிருக்கலாம், ஒயர் தளர்ந்திருக்கலாம். பவரைக் கூட்டுவது, இருக்கும் கொஞ்சத் தொடுபரப்பில் இன்னும் அதிக வெப்பத்தைக் கொட்டுவதாகும். அந்த நேரத்தில் "பொறுங்க சார், பிளேட்டைப் பார்த்துடறேன்" என்று சொல்லும் உரிமை இளைய செவிலியருக்கும் வேண்டும். என் பார்வையில் எந்த விலையுயர்ந்த கருவியையும்விட அந்த உரிமையே பெரிய பாதுகாப்பு.

புதிய கருவிகள் தாமாகவே எச்சரிக்குமே என்று கேட்கலாம். 1980களிலிருந்தே அத்தகைய கண்காணிப்பு இருக்கிறது. ஆனால் இரு பாதியாகப் பிரிந்த பிளேட்டைப் பொருத்தினால்தான் அது தோலுடன் உள்ள தொடுகையை அளக்கும். ஜெல்லி தடவிய பழைய உலோகத் தகடோ ஒற்றைத் துண்டு பிளேட்டோ போட்டால் அந்த அலாரம் பயன்படாது. செலவு என்ற மறுப்பும் உண்டு. காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய சிறு மருத்துவமனையின் நெருக்கடி உண்மையானது. ஆனாலும் ஒருமுறைக்கான பிளேட்டை உரித்து மறுபடி ஒட்டும்போது காய்ந்த ஜெல்லும் மடங்கிய ஓரமும் தோலோடு முழுமையாகப் பொருந்தா. அந்தச் சேமிப்புக்கு நோயாளியின் தோலே விலை கொடுக்கிறது. "இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதத்தை நம்புவது அதைவிடக் கடினம். அறுவை முடிந்தபின் தெரியும் சிவந்த திட்டைப் படுக்கைப் புண் என்றோ மருந்து ஒவ்வாமை என்றோ எண்ணிவிட எளிதில் முடியும். மாறாக, படுக்கைப் புண்ணைக் காட்டரிக் காயம் என்று பழிப்பதும் நடக்கும். பிளேட் ஒட்டிய இடம், முன்னும் பின்னும் தோலின் நிலை, வைத்த பவர் அளவு ஆகியவற்றைக் குறித்துவைத்தால்தான் எது எதுவென்று பிரித்தறிய முடியும்.

தீ அபாயமும் உண்டு. தோலில் தடவும் ஸ்பிரிட் கலந்த கிருமிநாசினி முடியற்ற தோலில் உலரக் குறைந்தது மூன்று நிமிடம் வேண்டும். முடி உள்ள இடத்தில் இன்னும் நெடுநேரம் ஆகும். தொப்புளிலும் முதுகுக்கடியிலும் தேங்கியதைத் துடைக்காமல் துணி போர்த்தினால், உள்ளே ஆவி நிற்கும். முகம், கழுத்து அறுவையில் மாஸ்க் வழியாக ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் துணியும் முடியும் எளிதில் பற்றிக்கொள்ளும். அங்கே காட்டரியைத் தொடுமுன் மயக்க மருத்துவரிடம் சொல்லி ஆக்சிஜனை 30 சதவீதத்துக்குள் இறக்குவது நடைமுறை. லேப்ராஸ்கோப்பியில் ஆபத்து வேறு: கருவியின் மேலுறையில் ஒரு நுண்விரிசல் போதும், கேமராவுக்குத் தெரியாமல் குடலைச் சுட்டுவிடும். அந்தக் காயம் சில நாள் கழித்தே வயிற்று வலியாகவும் காய்ச்சலாகவும் வெளிப்படும்.

2022 ஜனவரியில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், இந்தப் பாதுகாப்பு முறைகளை ஊரிலேயே முறையாகக் கற்பிக்க இடம் கிடைத்திருக்கிறது. மருத்துவ மாணவர்களோடு பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு மருத்துவமனைகளின் தியேட்டர் செவிலியர்களையும் அங்கே அமர்த்திப் பயிற்சி தரலாம். மருத்துவச் சாதனங்களால் நேரும் பாதிப்புகளைப் பதிவுசெய்ய 2015 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்துக்குக் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தக ஆணையம் பொறுப்பு. காயத்தை மறைக்காமல் அங்கே தெரிவிக்கலாம். நோயாளியின் குடும்பமும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்: பேஸ்மேக்கர் இருக்கிறதா, காலில் உலோகப் பிளேட் வைத்த பழைய அறுவை உண்டா என்பவை. தாலிச் சங்கிலி, மெட்டி, வெள்ளி அரைஞாண் ஆகியவற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் உண்டு. அதைக் கடிந்துகொள்ளாமல், பழைய கருவிகளில் மின்சாரம் அந்த உலோகத்தின் வழியாகவும் வெளியேறித் தோலைச் சுடலாம் என்று செவிலியர் முந்தின நாளே உட்கார்ந்து விளக்கினால் பெரும்பாலோர் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள்.