வந்து போகிறவர்களும் இருந்து வாழ்கிறவர்களும்

2024 ஜூலை 6 அன்று பார்சிலோனாவில் சில ஆயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். வழியில் உணவகங்களின் வாசல் மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டவர்கள்மீது சிலர் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். அந்தப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின; ஊர்க்காரர்களுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கண்டாலே ஆகவில்லை என்று செய்தி பரவியது. விடுமுறைக்கு வந்த இடத்தில் முகத்தில் தண்ணீர் பட்டவருக்கு அது அவமானம்தான், அதற்கு நியாயம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூன் மாதத்தில், அந்நகர மேயர் ஜாவ்மே கொல்போனி ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தார். பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட உரிமம் பெற்ற 10,101 அடுக்குமாடி வீடுகளின் உரிமம் 2028 நவம்பரோடு முடிவுக்கு வரும், புதுப்பிக்கப்படாது என்பதே அது. அதற்கு அவர் சொன்ன காரணத்தில் பயணிகளின் நடத்தை பற்றி எதுவும் இல்லை. பத்தாண்டுகளில் நகரத்தின் வீட்டு வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்றார்.

சுற்றுலா ஊர்களில் ஏற்படும் மனக்கசப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஒழுங்கைப் பற்றித்தான் பேசுகிறோம். குப்பை போடாதே, கூச்சல் போடாதே, கோயிலுக்குள் கண்ணியமாக உடுத்து என்று வருகிறவர்களுக்கும், சிரித்த முகத்தோடு வரவேற்றுப் பழகு என்று இருப்பவர்களுக்கும் அறிவுரை சொல்கிறோம். அறிவுரை தவறில்லை. ஆனால் பகை முற்றிய ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், சண்டையின் வேர் பழக்கவழக்கத்தில் இல்லை. குடியிருக்க வீடு, குடிக்கத் தண்ணீர், போய்வரச் சாலை, பேருந்தில் ஓர் இடம் ஆகியவற்றில் ஊர்க்காரரின் பங்கு சுருங்குகிறது. அதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்கவும் அவருக்கு வழியில்லை. கசப்பு அங்கிருந்துதான் பிறக்கிறது. மரியாதையைக் கற்றுக்கொடுத்து இதைத் தீர்க்க முடியாது.

இந்த உறவைப் படிநிலைகளாக விளக்கியவர் ஜார்ஜ் டாக்ஸி. 1975இல் அவர் முன்வைத்த கருத்துப்படி, ஊர்க்காரர்களின் மனநிலை முதலில் உற்சாகம், பிறகு அலட்சியம், அதன்பின் எரிச்சல், கடைசியில் பகை என்று போகும். சுற்றுலாத் துறைப் பாடங்களில் இன்றும் இது சொல்லித்தரப்படுகிறது. ஒரு முதற்குறிப்பாக இது பயன்படும், ஆனால் பெரிய குறை ஒன்று இதில் உண்டு. ஊர் முழுவதற்கும் ஒரே மனம் இருப்பதுபோல இது பேசுகிறது. எந்தச் சுற்றுலா ஊரிலும் மாடி அறையை வாடகைக்கு விட்டு மகனைப் படிக்க வைப்பவர் ஒருவர் இருப்பார். அதே தெருவில், வீட்டுக்காரர் கட்டடத்தைத் தங்கும் விடுதியாக மாற்றப்போவதால் குடித்தனத்தைக் காலி செய்கிறவரும் இருப்பார். இருவரும் உள்ளூர்க்காரர்களே. முதலாமவர் இன்னும் உற்சாகத்தில் இருக்க, இரண்டாமவர் எப்போதோ பகைக்கு வந்துவிட்டிருப்பார். வருகிறவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவில் என்று நாம் நினைக்கும் சண்டையில் பாதி, இருப்பவர்களுக்குள்ளேயே நடப்பது.

வெனிஸ் நகரத்தின் கதை இதற்குச் சாட்சி. 1951இல் அதன் பழைய தீவுப் பகுதியில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே போனது. இதற்குச் சுற்றுலா மட்டுமே காரணம் என்று சொல்வது சரியல்ல. வெள்ளமும், பராமரிக்கச் செலவு பிடிக்கும் பழைய வீடுகளும், எதிர்க்கரை நிலப்பகுதியில் கிடைத்த வேலையும் மக்களை நகர்த்தின. ஆனால் காலியான வீடுகளில் குடும்பங்கள் திரும்பக் குடியேறாமல் போனதற்கு, அவற்றை இரவுக் கணக்கில் விடுவது லாபம் என்பது முக்கியக் காரணம். 2024இல் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் ஆண்டில் 29 நாட்களுக்கு மட்டும் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது மாநகராட்சி. வாசலில் காசு வாங்குவது கூட்டத்தை ஓரளவு ஒழுங்குபடுத்தலாம். ஆனால் மளிகைக் கடை இருந்த இடத்தில் முகமூடி விற்கும் கடை வந்துவிட்ட தெருவுக்கு அந்த 5 யூரோவால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

கியோட்டோ வேறு விதமாக யோசித்தது. அந்நகரப் பேருந்தில் பின்கதவில் ஏறி, இறங்கும்போது கட்டணம் செலுத்தி முன்கதவு வழியாக வெளியேற வேண்டும். பெரிய பெட்டிகளோடு பயணிகள் நடைபாதையில் நின்றுவிட்டால், மருத்துவமனைக்குப் போகும் முதியவர் தன் நிறுத்தத்தில் முன்கதவை எட்டவே முடியாது. பல சமயம் பேருந்தில் ஏறவே இடமிருக்காது. இதில் யாரும் யாரையும் அவமதிக்கவில்லை, ஒரே பொருளுக்கு இரண்டு கூட்டம் மோதுகிறது, அவ்வளவுதான். நகராட்சி முதலில் நாள் முழுக்க எத்தனை முறையும் ஏறி இறங்கலாம் என்ற மலிவான பேருந்துச் சீட்டை விற்பதை நிறுத்தியது. 2024 ஜூனில் ரயில் நிலையத்திலிருந்து புகழ்பெற்ற கோயில்களுக்குச் செல்ல, வார இறுதி நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் ஓடும் தனி விரைவுப் பேருந்துகளை விட்டது. சாதாரணப் பேருந்தில் 230 யென், இதில் 500 யென். நெரிசல் இதனால் மறைந்துவிடவில்லை. ஆனால் யாருடைய எந்தத் தேவை நசுங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கை வைத்தார்கள். இந்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி நம் ஊட்டிக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி உதகை நகராட்சியின் மக்கள்தொகை 88,430. கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் போலீஸ் வாகனங்களைத் திருப்பிவிடும். இருந்தும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அந்த வரிசையில் கோவைக்கு அனுப்பப்பட்ட நோயாளியின் ஆம்புலன்ஸ் நிற்கும். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய கேரட் மூட்டைகளும் நிற்கும். சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தலையிட்டது, மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இதை எதிர்த்து ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள்.

அவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் அது அநியாயம். நீலகிரியில் லாட்ஜ் ஊழியர், டாக்சி ஓட்டுநர், வர்க்கி சுடுபவர், சாலையோரம் சோளம் வாட்டி விற்பவர் எனப் பலருக்கு ஏப்ரலும் மேயும்தான் ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கைத் தருகின்றன. 2020இல் ஊரடங்கு வந்து மலைப்பாதை வெறிச்சோடியபோது அந்த வீடுகளில் அடுப்பெரிய என்ன பாடுபட்டார்கள் என்பதை மறந்துவிட்டுச் சுற்றுலாவே வேண்டாம் என்று பேசுவது, சம்பளக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் பேச்சு. ஆனால் உச்சவரம்பு எண்ணுவது வாகனங்களைத்தான், மனிதர்களை அல்ல. அரசுப் பேருந்துகளுக்கு அது பொருந்தாது. நான்கு பேர் வரும் காருக்குப் பதில் ஐம்பது பேர் வரும் பேருந்து ஏறினால் வியாபாரமும் நடக்கும், சாலையும் மூச்சு விடும். அதற்கு மேட்டுப்பாளையத்தில் போதிய வாகன நிறுத்தமும், மலைக்குமேல் இடம்விட்டு இடம் செல்ல நேரந்தவறாத சிற்றுந்துகளும் வேண்டும். அவற்றைத் தராமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்ததைக் குறை சொல்லும் வணிகர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம் சட்டத்தைக் காட்டுகிறது. நாட்டில் எங்கும் தடையின்றிச் சென்றுவர அரசமைப்பின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறதே, மலைவாசிகள் மட்டும் மலையைச் சொந்தம் கொண்டாடலாமா என்கிறார்கள். கூடாது. வந்து பார்க்கும் உரிமை யாவருக்கும் பொது. ஆனால் பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்க அதே பிரிவு இடம் தருகிறது. குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்கு மேலே விடுதிக்குத் தண்ணீர் லாரி ஏறிப் போகிறதென்றால், பொதுநலன் என்ற சொல்லுக்கு அங்கே வேறு விளக்கம் தேவையில்லை.

கட்டுப்பாடு என்றாலே கட்டணம் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. பூடான் 2022இல் ஒரு பயணிக்கு ஓர் இரவுக்கு 200 டாலர் கட்டணம் விதித்தது, மறு ஆண்டே அதை 100 ஆகக் குறைத்தது. இந்தியர்களுக்கு 1,200 ரூபாய். சிறிய மக்கள்தொகையும் தனித்த வரலாறும் உள்ள அந்த நாட்டுக்கு அது ஏற்றதாக இருக்கலாம். ஊட்டியில் அப்படிச் செய்தால், ஆண்டுக்கு ஒருமுறை குழந்தைகளோடு மலர்க் கண்காட்சி பார்க்க வரும் திருப்பூர்ப் பனியன் தொழிலாளி குடும்பம்தான் முதலில் வெளியே நிற்கும்; மூன்று கார்களில் வருகிற குடும்பத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. எனவே கட்டணம் ஆளுக்கு இல்லாமல், இடத்தையும் தண்ணீரையும் அதிகம் எடுத்துக்கொள்ளும் செயலுக்கு இருக்க வேண்டும்: தனி வாகனத்துக்கு, குடியிருப்பாக இருந்து விடுதியான வீட்டுக்கு, அளவுக்கு மேல் உறிஞ்சும் ஆழ்துளைக் கிணற்றுக்கு. அந்தப் பணம் சென்னைக்கோ பொது நிதிக்கோ போகாமல் ஊரின் குடிநீர்க் குழாய்க்கும் பேருந்துக்கும் செலவாவது ஊர்க்காரர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மலைகள் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பை உயர் நீதிமன்றம் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைத்தது. சாலையின் அகலமும் நிறுத்துமிடங்களின் எண்ணிக்கையும் அவர்களுக்குக் கணக்கில் கிடைக்கும். எந்த மாதம் எந்தத் தெருவில் எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் வருகிறது, எந்தக் குடும்பம் வாடகை கட்டுப்படியாகாமல் கீழே இறங்கியது, எந்த நாளில் கேரட் ஏற்றிய லாரி மண்டிக்குத் தாமதமானது என்பவை அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். நகராட்சி வார்டுகளிலும் படகர்களின் ஊர்களான ஹட்டிகளிலும் தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளிலும் வணிகர் சங்கங்களிலும் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த சீசன் தொடங்கும் முன்பே உச்சவரம்பை முடிவு செய்து, எதற்காக அந்த எண் என்று மக்களிடம் அறிவிக்க வேண்டும்.