நந்தன் கொடுத்த தோலும் சுந்தராம்பாள் வாங்கிய லட்சமும்

"பாட்டுப் போடறவனுக்கு எதுக்குய்யா கோடி?" கம்மாபுரத்தில் ஒரு டீக்கடையில், யாரோ ஒருவரின் செல்போனில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி இது. "திறமை இருக்கு, வாங்கறாரு" என்றார் ஒருவர். "கலைங்கறது தெய்வம், அதுக்குப் போய் விலை வைக்கலாமா" என்றார் இன்னொருவர். சற்றுத் தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்த பறை வாசிப்பவர் சொன்னார்: "அவரு வாங்கட்டும் சார். என் ரேட்டை நான் சொல்ல முடியுதான்னு கேளுங்க." பேச்சு அதோடு நின்றுவிட்டது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிரபல இசைக் கலைஞர்களுக்கு இவ்வளவு வருமானம் தகுமா என்ற ஒற்றைக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விலை சொல்லும் உரிமை யாருக்கு என்பது ஒன்று. அந்தத் தொகை எங்கிருந்து உற்பத்தியாகிறது என்பது மற்றொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் நமது பொதுப்புத்தி இயங்குகிறது.

முதல் கேள்விக்கு நம் பக்கத்துக் கதையே போதும். சேக்கிழார் சொல்லும் நந்தன் கொள்ளிடக் கரை ஆதனூர்க்காரர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுப்பது அவர் பணி. பிழைப்புக்கு ஊர் விட்ட மானிய நிலம். அங்கே விலைப்பேச்சுக்கே இடமில்லை; அதற்குப் பெயர் தொண்டு. உள்ளே ஒலித்த இசைக்கான பொருள் அவர் கையிலிருந்து போனது. அவரோ வாசலுக்கு வெளியே நின்றார். தில்லைக்குள் போக அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது.

1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் இதே நந்தனாக நடித்துப் பாட கே.பி. சுந்தராம்பாள் வாங்கியது ஒரு லட்ச ரூபாய். அன்றைக்கு அது மலைக்கவைத்த தொகை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய கொடுமுடிச் சிறுமி, 1933இல் கணவர் கிட்டப்பாவை இழந்த நாடகக்காரி, தன் விலையைத் தானே சொன்னதும் அது கிடைத்ததும் சின்ன விஷயமல்ல. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நின்றும் நடந்தும் வாசித்த நாயனத்தை மேடையில் உட்கார்ந்து வாசித்ததையும், பெருந்தொகை கேட்டதையும் ஒரே செயலின் இரு பக்கங்களாகவே வாசிக்க வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ என்ற ஊழிய மரபுக்கு எதிரான செயல் அது.

இதை மறந்துவிட்டுப் பேசும்போதுதான் 'பேராசை' என்ற சொல் வந்துவிடுகிறது. 2017 மார்ச்சில், அனுமதியின்றித் தன் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, 'சம்பாதிச்சது போதாதா' என்ற கூச்சல் எழுந்தது. அதே பாட்டை விற்ற கம்பெனிகளைப் பார்த்து இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டோம்?

ஆனால் விலை சொல்லும் உரிமை நியாயம் என்பதாலேயே தொகை முழுவதும் தகுதியால் வந்ததாக ஆகிவிடாது. பொருளாதார அறிஞர் ஆல்பிரட் மார்ஷல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பில்லிங்டன் என்ற லண்டன் பாடகி ஒரே பருவத்தில் சம்பாதித்த 10,000 பவுனைக் குறிப்பிட்டு, பின்னால் வருபவர்கள் அதைப் பெரிதாகத் தாண்டப்போவதில்லை என்று கருதினார். ஒரு மனிதக் குரல் எட்டும் காதுகள் கொஞ்சம்தானே! இசைத்தட்டு இந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. திறமையில் இம்மியளவு வித்தியாசம் வருமானத்தில் மலையளவு வித்தியாசமாக ஆவதற்கு இந்த நகலாக்கமே காரணம் என்று 1981இல் ஷெர்வின் ரோசன் விளக்கினார். ஆக, கோடிகள் தொண்டையிலிருந்தோ விரலிலிருந்தோ மட்டும் வரவில்லை. நகலிலிருந்தும் அதன் மேல் ஒட்டிய பெயரிலிருந்தும் வருகின்றன.

அந்த நகலில் யார் யாருக்குப் பங்கு? வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்துப் படத்துக்காகச் செய்யவைத்த இசையின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்றது 1977இல் உச்ச நீதிமன்றம். பாடகருக்கு உரிமையே இல்லாதிருப்பதை அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி கிருஷ்ணய்யர் வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். 2012 சட்டத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது ராயல்டியில் பங்கு தந்தது. நிகழ்த்துபவருக்கும் தந்தது. நல்லது. ஆனால் அதே திருத்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாக அல்லது துணையானதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில்கூட அவர் பெயர் வராது என்றால், ராயல்டியைப் பொறுத்தவரை அவர் 'நிகழ்த்துபவரே' அல்ல.

இதன் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். பெயர் போடாமல் விடுவது தொழில் வழக்கம். பெயர் இல்லை என்பதே பங்கு மறுக்கவும் காரணமாகிவிடுகிறது. வயலின் வரிசையில் கடைசியில் உட்கார்ந்தவர், கோரஸ் பாடிய பெண், ஒரே ஒரு பாட்டுக்குப் பறை அடிக்க ஊரிலிருந்து அழைத்துப் போகப்பட்டவர் ஆகியோருக்கு அன்றைய கூலியோடு சரி. அந்த அடி எத்தனை லட்சம் முறை ஒலித்தாலும் நந்தன் கொடுத்த தோலின் கதைதான்.

எனவே பெரிய கலைஞரின் வருமானத்தைக் குறை என்பது நமது கோரிக்கையாக இருக்க முடியாது. குறைத்தால் மிச்சம் போவது கம்பெனிக்குத்தான். வாசித்த ஒவ்வொருவரின் பெயரையும் போடு, ராயல்டியில் பங்கு கொடு என்பதே கேட்க வேண்டியது. விலை சொல்லும் உரிமையை வென்றெடுத்த பெரிய கலைஞர்களே இதை முன்னின்று கேட்க வேண்டும். தனக்குக் கேட்ட நியாயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவருக்கும் கேட்காவிட்டால் அது வெறும் பேரமாகத்தான் முடியும்.

ஊர்ப் பக்கத்தில் இந்தப் போராட்டத்துக்கு வேறொரு வடிவம் உண்டு. சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று சேரி இளைஞர்கள் பல ஊர்களில் மறுத்தார்கள். இன்று அதே பறையை மேடையில் கலையாக வாசித்துக் கட்டணமும் கேட்கிறார்கள். மறுப்பதும் விலை சொல்வதும் ஒரே உரிமைதான். டீக்கடையில் அவர் கேட்டது அதைத்தான். அவருக்கு இன்னும் பதில் சொல்லப்படவில்லை.