கல்லூரிச் சேர்க்கையில் பெற்றோரின் துணை

கல்லூரிச் சேர்க்கையில் பெற்றோரின் துணை என்பது, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை எந்தப் படிப்பில், எந்தக் கல்லூரியில் சேர்வது என்று முடிவு செய்து, கட்டணம் செலுத்திச் சேரும் வரையில் வீட்டார் செய்யும் உதவிகளைக் குறிக்கும். சான்றிதழ்களைச் சேர்த்தல், செலவைக் கணக்கிடுதல், கல்லூரிகளை நேரில் பார்த்தல், கடைசி நாட்களைக் கவனித்தல், பிள்ளையின் மனம் தளராமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவை இதில் அடங்கும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு இப்போது இணையவழியில் நடக்கிறது. ஆகவே எந்தக் கல்லூரி என்னும் முடிவு, பிள்ளை பதிவு செய்யும் விருப்பப் பட்டியலின் வரிசையிலேயே பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிடுகிறது. வீட்டில் பேச வேண்டியவற்றை அந்தப் பட்டியலுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

ஊரும் வாய்ப்புகளும்

மணிமுத்தாற்றின் கரையிலுள்ள விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரும் பழமலைநாதர் கோயிலும் கொண்ட ஊர். பீங்கான் தொழிலாலும் முந்திரி விளைச்சலாலும் இன்று அறியப்படுகிறது. பொம்மைகளும் மின்சாரப் பீங்கான் பொருட்களும் செய்யும் சிறு தொழிற்கூடங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் பல. அத்தகைய வீடுகளில் கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் இன்றும் உண்டு. அவர்களுடைய பெற்றோருக்குக் கலந்தாய்வு, கட்-ஆஃப், ஒதுக்கீடு ஆகிய சொற்களே புதியவை.

ஊரிலேயே உள்ள வாய்ப்புகளை முதலில் அறிந்துகொள்வது நல்லது. திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இங்கு உள்ளது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்புக்கான அரசு நிறுவனமும் உள்ளது. பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம். பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு சென்னை கிண்டியிலுள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் உண்டு. அப்பா சூளையில் செய்யும் வேலைக்குப் பின்னால் ஒரு பொறியியல் துறையே இருக்கிறது என்பது பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

அருகில் சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விருத்தாசலம் இரயில் சந்திப்பிலிருந்து விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் ஆகிய நான்கு திசைகளுக்கும் இருப்புப்பாதை உண்டு. வீட்டிலிருந்து போய்வருவதா, விடுதியில் தங்குவதா என்னும் கேள்விக்கு இது தொடர்புடையது.

சேர்க்கை முறை வளர்ந்த விதம்

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984-இல் தொடங்கியது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வை அண்ணா பல்கலைக்கழகம் 1997 முதல் நடத்தியது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையானது. 2018-இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது.

முன்பு தகப்பனார் பிள்ளையுடன் சென்னைக்குச் சென்று, திரையில் காலியிடங்களைப் பார்த்து, அங்கேயே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பார். அலைச்சல் இருந்தாலும் இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். இன்று அந்த வேலை ஒரு கைப்பேசியிலோ கணினி மையத்திலோ நடந்துவிடுகிறது. பெற்றோர் அருகில் இல்லாமலே, சில சமயம் பிள்ளையும் சரியாக அறியாமலே, பட்டியல் பதிவாகிவிடுகிறது.

ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு வாசல்

எல்லாப் படிப்புகளுக்கும் ஒரே விண்ணப்பம் இல்லை. பொறியியலுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடமும், அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அவற்றுக்கான பொது இணையதளத்திலும், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்திலும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவத்துக்கு நீட் தேர்வு எழுதியிருக்க வேண்டும். ஒன்றில் விண்ணப்பித்தால் மற்றவற்றுக்கும் அது போதும் என்று நினைத்து நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு.

பெற்றோர் செய்யக்கூடிய முதல் உதவி, ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போட்டு எழுதிவைப்பது: படிப்பு, விண்ணப்பக் கடைசி நாள், தேவையான சான்றிதழ், அடுத்த நாளும் வேலையும். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும், அவை அலுவலர்களின் பார்வைக்குப் போய்த்தான் வரும். தேர்வு முடிவு வந்தபின் எல்லாரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள். அதற்கு முன்பே வாங்கிவைத்தால் பதற்றம் இல்லை.

மதிப்பெண் கணக்கு

பொறியியலுக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் முழுமையாக 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு ஒவ்வொன்றும் 50-க்கும் சேர்க்கப்படும். எடுத்துக்காட்டாக, கணிதம் 88, இயற்பியல் 82, வேதியியல் 90 என்றால், 88 + 41 + 45 = 174. ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களுள் கணித மதிப்பெண் கூடியவர் முன்னே வருவார். எல்லாம் சமமாயின் கணினி வழங்கிய சமவாய்ப்பு எண் பார்க்கப்படும்.

இடங்கள் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி நிரப்பப்படுகின்றன. ஆகவே ஒரு கல்லூரியின் கட்-ஆஃப் என்ன என்று கேட்பது மட்டும் போதாது. எந்தப் பாடப்பிரிவுக்கு, எந்த வகுப்பினருக்கு, எந்த ஆண்டில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் விவரம் கலந்தாய்வு இணையதளத்தில் கிடைக்கும். அக்கம்பக்கத்தில் கேட்ட எண்ணை வைத்துப் பிள்ளையை ஏசுவதும், வீணாக நம்பிக்கை கொடுப்பதும் தவறு.

விருப்பப் பட்டியல்

கலந்தாய்வில் கணினி, தரவரிசைப்படி மாணவரை எடுத்துக்கொண்டு, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் எங்கே காலியிடம் இருக்கிறதோ அதை ஒதுக்கும். அதற்குக் கீழே உள்ளவற்றைப் பார்க்காது. இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன.

முதலாவது, கிடைக்குமா என்று அஞ்சி, விரும்பும் கல்லூரியைக் கீழே போடக்கூடாது. மேலே போட்டு அது கிடைக்காவிட்டால் இழப்பு எதுவும் இல்லை. கணினி அடுத்ததற்குப் போய்விடும். இரண்டாவது, கிடைத்தாலும் சேரமாட்டோம் என்னும் கல்லூரியைப் பட்டியலில் எழுதவே கூடாது. மூன்றாவது, பட்டியல் மிகவும் குறுகியதாக இருக்கக்கூடாது. பத்துக் கல்லூரிகளோடு நிறுத்திக்கொண்டு, நல்ல மதிப்பெண் இருந்தும் அந்தச் சுற்றில் இடம் கிடைக்காமல் போனவர்கள் உண்டு.

வீட்டில் நடக்க வேண்டிய பேச்சு இந்தப் பட்டியலைப் பற்றியது. முதலில் பிள்ளை தனியாக ஒரு தாளில் தன் வரிசையை எழுதட்டும். பெற்றோர் தனியாக இன்னொரு தாளில் எழுதட்டும். பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். எங்கே வேறுபடுகிறது என்று தெரிந்தால், ஏன் என்று கேட்கலாம். மகள் சென்னைக் கல்லூரியை மேலே எழுதியிருப்பாள். அம்மா சிதம்பரத்தை எழுதியிருப்பார். காரணம் தூரமா, செலவா, பயமா என்பது அப்போதுதான் வெளியே வரும். செலவு என்றால் கணக்குப் போடலாம். பயம் என்றால் விடுதியை நேரில் போய்ப் பார்க்கலாம். பேசாமல் விட்டால் ஒதுக்கீடு வந்தபின் அழுகையும் கோபமுமாகத்தான் அது வெளிவரும்.

கடவுச்சொல் யாரிடம்?

பதிவெண், கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. ஆகிய மூன்றும் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் மட்டுமே இருக்க வேண்டும். "விருப்பப் பட்டியலை நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று வரும் இடைத்தரகர்கள், தங்களுக்குத் தரகு தரும் கல்லூரியை மேலே வைத்துவிட முடியும். கணினி மையத்தில் பதிவு செய்ய நேர்ந்தால் பிள்ளை உடன் அமர்ந்து, தாளில் எழுதிய வரிசையோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, அச்சுப்படி வாங்கிக்கொள்ள வேண்டும். அரசு அமைத்துள்ள உதவி மையங்களில் கட்டணமின்றி வழிகாட்டுவார்கள்.

ஒதுக்கீடு வந்தபின்

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய அண்மை ஆண்டுகளில் இரண்டு நாட்களே தரப்படுகின்றன. அதற்குள் பதில் தராவிட்டால் அந்த இடம் போய்விடும். மாணவர் முன் உள்ள வழிகள் இவை: ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலுள்ளது காலியானால் வேண்டும் என்று காத்திருப்பது, இதை மறுத்து, மேலுள்ளதற்கு மட்டும் காத்திருப்பது, மறுத்து, அடுத்த சுற்றுக்குச் செல்வது, முழுவதும் விலகுவது.

இரண்டாவது வழியைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் ஒன்றை மறக்கக்கூடாது. மேலுள்ள இடம் கிடைத்துவிட்டால் கையிலிருந்த இடம் தானாகவே போய்விடும். திரும்பி வர முடியாது. மூன்றாவது வழியில் கையில் எதுவும் இல்லாமலே காத்திருக்க வேண்டும். கட்டணம் செலுத்தவும் கல்லூரியில் சேரவும் குறிக்கப்பட்ட நாட்களும் உண்டு. அந்த வாரத்தில் பெற்றோர் ஒருவராவது வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவைப்பது நல்லது.

செலவும் உதவியும்

பெற்றோர் கணக்கிட வேண்டியது முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் அன்று; நான்காண்டுச் செலவை. கல்விக் கட்டணத்தோடு விடுதி, உணவு, பேருந்து, தேர்வுக் கட்டணம், மடிக்கணினி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். நான்காண்டுக்கும் எவ்வளவு தர முடியும் என்னும் தொகையைப் பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு வீட்டு நிலைமை புரியும். மறைத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் கைவிரிப்பதுதான் பெரிய துன்பம்.

6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அதன்வழிச் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இவற்றில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும். ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகைத் திட்டம் உண்டு.

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சேர்ந்தால்தான் அது கிடைக்கும். சில பெற்றோர், இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்னும் அச்சத்தில், தேர்வு முடிவுக்கு முன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். பிறகு பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு அதே கல்லூரி கலந்தாய்விலேயே கிடைத்திருக்கும் என்று தெரியவரும்போது, சலுகையும் போய்க் கூடுதல் கட்டணமும் தலைமேல் நிற்கும். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் பொது மாதிரித் திட்டப்படி 4 இலட்சம் ரூபாய் வரை சொந்தப் பங்குத்தொகை கேட்கப்படுவதில்லை. கடன் உத்தரவாதத் திட்டத்தின்கீழ் 7.5 இலட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் தவணை தொடங்கும். இடைப்பட்ட காலத்திலும் வட்டி ஏறும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கல்லூரியைப் பார்த்தறிதல்

விளம்பரப் பலகையைவிட நேரில் பார்ப்பது மேல். 'நாக்' என்னும் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் உரியது, என்.பி.ஏ. தரச்சான்று தனித்தனிப் பாடப்பிரிவுக்கு உரியது. ஒரு கல்லூரிக்குச் சான்று இருக்கிறது என்றால், பிள்ளை சேரும் பிரிவுக்கு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. அதே பிரிவில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரிடம் பேசினால், ஆய்வகம் திறந்திருக்கிறதா, ஆசிரியர் நிலையாக இருக்கிறாரா, விடுதியில் தண்ணீர் வருகிறதா என்பவை தெரிந்துவிடும்.

சேர்ந்தபின் வேறிடம் கிடைத்தால்

முதலில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, பிறகு விரும்பிய இடம் கிடைப்பதுண்டு. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்றும், குறித்த நாளுக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணமும், அக்டோபர் 31-க்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மிகாத பிடித்தத்துடனும் திருப்பித் தர வேண்டும் என்று அது கூறியது. நாட்கள் ஆண்டுதோறும் மாறும். விலகலை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குவது அவசியம். சேரும் நாளிலேயே எல்லாச் சான்றிதழ்களின் படிகளையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் குறைந்தால்

தேர்வு முடிவு வரும் நாளில் பெற்றோர் சொல்லும் முதல் சொல் பிள்ளைக்கு நெடுநாள் நினைவிருக்கும். அன்று மதிப்பெண்ணைப் பற்றி உறவினரிடம் தொலைபேசியில் பேசுவதைத் தவிர்க்கலாம். தோல்வியுற்றவர்கள் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம். அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு. பட்டயப் படிப்பு, தொழிற்பயிற்சி, கலை அறிவியல் படிப்பு ஆகிய வழிகளும் திறந்தே இருக்கும். பிள்ளை உண்ணாமல், பேசாமல், அறைக்குள்ளேயே இருந்தால் அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடக் கூடாது. 14417 என்னும் கல்வி உதவி எண்ணிலும் 104 என்னும் மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

முடிவு யாருடையது?

நான்கு ஆண்டுகள் வகுப்பில் உட்காரப் போவது பிள்ளை. அதற்குப் பணம் கட்டப் போவது பெற்றோர். ஆகவே எவ்வளவு செலவு செய்ய முடியும் என்னும் எல்லையைப் பெற்றோர் வகுக்கலாம். அந்த எல்லைக்குள் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்னும் வரிசையைப் பிள்ளை எழுத வேண்டும். தானே எழுதிய வரிசையில் கிடைத்த இடம் கடினமாக இருந்தாலும் பிள்ளை தாக்குப்பிடிக்கும். அப்பா எழுதியதில் கிடைத்த இடம் என்றால், முதல் பருவத்தேர்வில் ஒரு பாடம் போனதும் "நானா கேட்டேன்?" என்னும் கேள்வி வீட்டில் எழும். பட்டியலை உறுதி செய்யும் நாளில் கடைசிப் பொத்தானைப் பிள்ளையே அழுத்தட்டும். பெற்றோர் அருகில் அமர்ந்திருந்தால் போதும்.