ஒன்றை நீக்கி மற்றொன்றைக் காண்பது ஏன்? எப்படி?

பிரிக்ஃபீல்ட்ஸ் ஒட்டுக்கடை ஒன்றில், இரண்டு வடையும் ஒரு தே தாரிக்கும் வாங்கியவர் 7 ரிங்கிட்டும், மூன்று வடையும் இரண்டு தே தாரிக்கும் வாங்கிய அவருடைய நண்பர் 12 ரிங்கிட்டும் செலுத்தினாரெனில், தனித்தனி விலையை அறிவது எங்ஙனம்?

முதற்கணக்கை இரட்டித்தால், நான்கு வடைக்கும் இரண்டு தே தாரிக்குக்கும் 14 ரிங்கிட். அதிலிருந்து இரண்டாங்கணக்கைக் கழிக்க, தே தாரிக் முற்றிலும் நீங்கி, வடை ஒன்று 2 ரிங்கிட் என்பது பிரத்தியட்சமாகிறது. அதனை முதற்கணக்கில் இட, தே தாரிக் 3 ரிங்கிட்.

சமமானவற்றிலிருந்து சமமானவற்றைக் கழித்தால் எஞ்சுவனவும் சமமே என்னும் தத்துவமே இதன் அஸ்திவாரம். 12-ஆம் நூற்றாண்டில் பீஜகணிதம் இயற்றிய பாஸ்கராச்சாரியார், அறியாத இராசிகளைக் கருமை, நீலம், மஞ்சள் என வர்ணப் பெயர்களால் குறித்து, இவ்வாறே நீக்கி விடை கண்டார்.

இரண்டாங்கணக்கு முதற்கணக்கின் வெறும் மடங்காக இருந்திருப்பின், கழிக்க எஞ்சுவது சூன்யமே. புதுச் செய்தி தராத கணக்கு விடையும் தராது.